மாமனுக்கு ஆகாத பல்

மாரீஸ்வரியின் மகள் இந்துவுக்கு முதல் பல் மேலே முளைத்தது. ஊரில் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கீழே முளைக்கும். இவளுக்கு மேலே முளைத்தது. நடந்தது அவ்வளவுதான். அதற்குப் போய் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒரு மாதம் யாருக்கும் வேறு பேச்சே இல்லை.

முதலில் அதைக் கண்டுபிடித்தவள் மாரீஸ்வரிதான். பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை சுருக்கென்று கடித்துவிட்டது. "அடிக் கள்ளி" என்று வாயைத் திறந்து பார்த்தாள். மேல் ஈறில் அரிசி முனை மாதிரி ஒன்று, அதை ஒட்டி இன்னொன்று. கீழே வெறும் ஈறு. வலியை மறந்து சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் ஊர்ப்பேச்சு நினைவுக்கு வந்தது. மேல்பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது.

அதை மறைக்கத்தான் பார்த்தாள். ஆனால் பல்லை மறைக்கப் பெரியவர்களுக்கே தெரியாதபோது எட்டு மாதப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இந்து எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்துக் காட்டும் ரகம். ஒருநாள் சாயங்காலம் குழாயடியில் மாரீஸ்வரியின் அம்மா குருவம்மாளுக்கே சிரித்துக் காட்டிவிட்டாள். குருவம்மாள் கையிலிருந்த குடம் கீழே விழுந்தது. குடத்துக்கு நெளிசல், ஊருக்குச் செய்தி. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது.

பிள்ளைக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் அருண்பாண்டி. ஜீப் ஓட்டுகிறவன். காலையில் கம்பத்திலிருந்து மலையேறும் மெட்டு ரோடு வழியாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வருவான், சாயங்காலம் கொண்டுபோய் இறக்குவான். அதே லயத்தின் மேல்வரிசையில் மனைவி வனிதாவோடும் அம்மாவோடும் இருந்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதன். மாரீஸ்வரியின் புருஷன் பாண்டித்துரை கட்டப்பனையில் ஒரு பேக்கரியில் வேலை செய்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பாக்கெட் ரஸ்க்கோடு வருவான். எதைக் கேட்டாலும், "அது ஒங்க அண்ணன் தங்கச்சி விசயம்" என்று சொல்லிவிட்டு ரஸ்க்கைத் தேநீரில் முக்கிக்கொள்வான். ஆகவே மாரீஸ்வரிக்கு ஆத்திர அவசரத்துக்கு இருந்த ஒரே ஆண்துணை அண்ணன்தான்.

அந்தத் துணை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இந்து பிறந்த அன்று பேய்மழை. ரோட்டில் மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வர வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அருண்பாண்டிதான் பின்சீட்டில் தங்கையைப் படுக்க வைத்து, எதிரில் என்ன வருகிறதென்று தெரியாத மூடுபனியில், மெட்டு ரோட்டின் வளைவுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கம்பத்து ஆசுபத்திரியில் சேர்த்தான். அவள் கத்தும்போதெல்லாம், "ஆச்சுடா, ஆச்சுடா" என்று இவன் அழுதுகொண்டே ஓட்டினான். பிள்ளை பிறந்த பிறகு தினமும் சாயங்காலம் லயத்துக்குக் கீழே வளைவு திரும்பும்போது இரண்டு முறை ஹாரன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால் இந்து பாலைக்கூட விட்டுவிட்டுத் தலையைத் திருப்புவாள்.

பல் செய்தி தெரிந்ததும் முதலில் அருண்பாண்டியும் சிரிக்கத்தான் செய்தான். "எனக்குப் போட்டியா மேல ரெண்டு லைட்டு போட்டிருக்கா" என்றான். நாலு நாள் கழித்து மெட்டு ரோட்டில் ஜீப் பிரேக் பிடிக்காமல் நழுவித் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. ஒரு ஹெட்லைட் நொறுங்கியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவனே ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு பிரேக் ஷூ தெரியவில்லை, பல்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து ஜீப் வளைவில் ஹாரன் அடிக்காமல் போனது. இந்து தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சத்தம் வராது. தன்னைத் திட்டியிருந்தால்கூட மாரீஸ்வரி பொறுத்திருப்பாள். பேசவும் தெரியாத பிள்ளையைக் குற்றவாளி ஆக்கியதை அவளால் பொறுக்க முடியவில்லை.

குருவம்மாள் பரிகாரத்தோடு வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துப் பெண்கள் தலைக்குக் குளித்து வாசலில் முடி உலர்த்திக்கொண்டிருந்த நேரம்.

"தவிட்டுக்கு வித்துருவோம் மாரி. யாராச்சும் ஒருத்தி ஒரு படி தவிடு குடுத்துப் பிள்ளைய வாங்கிக்கிறட்டும். அப்புறம் வளக்கச் சொல்லி ஒங்கிட்டயே தந்துருவா. பிள்ளை அவ பிள்ளை, வளக்குறது நீயி. அப்ப அருணு அதுக்கு மாமனே இல்ல. தோசம் தீந்துச்சு."

மாரீஸ்வரி அம்மாவையே பார்த்தாள். "அப்ப வாங்குறவளோட அண்ணன் தம்பிதான மாமன்? தோசம் அவுகளுக்குப் போகாதா?"

குருவம்மாள் இதை யோசிக்கவில்லை. ஆனால் முடி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் யோசித்தார்கள். ஒருத்திக்கு அடுப்பில் உலை நினைவுக்கு வந்தது. இன்னொருத்தி, "எந்தம்பி கொத்தனாரு, ஒசரத்துல நிக்கிறவன்" என்று தானாகவே சொல்லிக்கொண்டு எழுந்தாள். அண்ணன் தம்பி இல்லாதவள் யாரென்று தேடினால் அந்த லயத்தில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. அடுத்தவன் ஆயுள் என்றால் வாய் கிழியப் பேசியவர்கள், தன் வீட்டு ஆயுள் என்றதும் சீப்பைக்கூட மறந்துவிட்டு உள்ளே போனார்கள்.

கடைசி வீட்டுச் சந்தனமேரி மட்டும் போகவில்லை. அவள் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். "எங்கிட்டக் குடுங்க" என்றாள். "எனக்கு நாலு அண்ணமாரு. கிறிஸ்மஸுக்கும் வரல, ஈஸ்டருக்கும் வரல. பல்லுக்குப் பயந்தாச்சும் ஒருத்தன் எட்டிப் பாக்குறானான்னு பாப்போம்."

மாரீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "வேணாம் மேரியக்கா. விளையாட்டுக்குக்கூட எம்பிள்ளைய விக்க மாட்டேன். பல்லு முளைச்சது ஒரு குத்தமா?"

"பெரியவுக சும்மாவாடி சொல்லி வச்சாக?" என்றாள் குருவம்மாள்.

மாரீஸ்வரி விறுவிறுவென்று போய்ச் சந்தனமேரியின் பசுவின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். பசு திமிறித் தலையை ஆட்டியது. "இந்தா பாரு. மேல முன்னாடி ஒரு பல்லு இருக்கா? கடவாயிலதான் இருக்கு. முன்னாடி ஜென்மத்துக்கும் கீழ்ப்பல்லு மட்டுந்தான். ஆட்டுக்கும் இப்படித்தான். நீ சொல்ற கணக்குப்படி இதுக மாமனெல்லாம் நூறு வயசு இருக்கணுமே. அப்புறம் வாரா வாரம் அடிமாட்டு லாரியில ஏத்திட்டுப் போறது யாரை?"

"மாடும் மனுசியும் ஒண்ணாடி?"

"ஒண்ணில்லைல்ல? அப்ப எதுக்கு எம்மகளுக்குத் தவிட்டை வெலையாச் சொல்ற?"

குருவம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "எனக்கு ஒரே ஆம்பளப் பிள்ளைடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஜெயித்த சந்தோஷம் மாரீஸ்வரிக்குக் கொஞ்சமும் இல்லை. அம்மாவுக்கு மகன் ஒருவன் என்பது நினைவிருக்கிறது, பேத்தி ஒருத்தி என்பது நினைவில்லையே என்றுதான் இருந்தது.

தடுப்பூசி போடப் போனபோது சுகாதார சப்சென்டரின் மலையாளத்து நர்ஸ் டின்டுவிடம் நியாயம் கேட்டாள். டின்டு சிரித்தாள். "பால்பல்லு இருபதும் அம்மா வயித்துல இருக்கும்போதே தாடைக்குள்ள உண்டாயிருக்கும் கேட்டோ. பொறந்தப்புறம் ஒண்ணொண்ணா வெளிய வரும். பொதுவா கீழ முதல்ல, சிலருக்கு மேல முதல்ல. ஒரு குழப்பமும் இல்ல." பிறகு டின்டுவே ஜீப் ஸ்டாண்டு வழியாகப் போனபோது அருண்பாண்டியைக் கூப்பிட்டு அதையே அவனிடமும் சொன்னாள். அவன் கையைக் கட்டி நின்று, "சரி சிஸ்டர், சரி சிஸ்டர்" என்று முழுவதும் கேட்டான். அவள் தலை மறைந்ததும் ஜீப் முன்னால் எலுமிச்சம்பழம் ஒன்றைச் சேர்த்துக் கட்டினான்.

ஒன்பதாம் மாதம் காது குத்துவதென்று ஏற்கெனவே நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். கம்பத்திலிருந்து நல்லமுத்து பத்தருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அதற்கு இரண்டு நாள் முன்னால் வனிதா வந்தாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுடைய அப்பா அதே மெட்டு ரோட்டில் லாரி கவிழ்ந்து செத்துப்போனவர். புருஷன் வண்டி வீடு வந்து நிற்கிறவரை அவளுக்குச் சோறு இறங்காது.

"நான் பிள்ளைய வெறுக்கல மாரி" என்றாள். "கீழ்ப்பல்லு வந்துட்டா தோசமில்லைன்னு எல்லாரும் சொல்றாக. ஒரு மாசம் தள்ளிப் போடு. பல்லு வந்த மறுநாளே நாங்க சீர் தூக்கிட்டு வாரோம். அதுவரைக்கும் அவரு பிள்ளைய மடியில வைக்க வேணாம். ஒன் கால்ல விழுந்து கேக்கேன்."

மாரீஸ்வரிக்கு அவள்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று இறுகிப்போயிருந்தது. "நாள் மாறாது மதினி" என்றாள். "அண்ணன் வந்தா மடி. வரலைன்னா நான் வந்து கேட்டுக்கிறேன்."

காதுகுத்து அன்று காலையில் கேழ்வரகுக் கூழ் ஊட்டும்போதுதான் அது நடந்தது. ஸ்பூன் கீழ் ஈறில் பட்டு 'டிக்' என்றது. மாரீஸ்வரியின் கை அப்படியே நின்றது. இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். டிக். விரலை விட்டுத் தடவினாள். கீழே ஒரு முனை, அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வந்தது, நகத்தில் சுரண்டியது.

வாசலுக்கு ஓடிப்போய் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். மேல்வரிசையிலிருந்து அம்மா ஓடி வந்திருப்பாள், வனிதா தட்டெடுத்திருப்பாள், அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருப்பான். எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். அவள் எழுந்துகூட விட்டாள். கதவு வரை போனாள்.

பிறகு நினைத்தாள். இன்றைக்குக் கீழ்ப்பல்லைப் பார்த்து வருகிறவன் நாளைக்கு வேறொன்றைப் பார்த்துப் போவான். பிள்ளை வயதுக்கு வரும்போது நாள் சரியில்லை என்பார்கள், கல்யாணத்தில் நட்சத்திரம் சரியில்லை என்பார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளை வாயைத் திறந்து நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் வாயைத் துடைத்தாள். "யாருக்கும் சொல்லக் கூடாது, என்ன?" என்றாள். இந்து இருந்த பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

பத்தர் வந்தார். பாண்டித்துரை அன்று லீவு போட்டு வந்திருந்தான், ரஸ்க்கோடு. சந்தனமேரி வந்தாள். மேல்வரிசையிலிருந்து யாரும் வரவில்லை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பத்தர் இரண்டு முறை கனைத்தார்.

"மாமன் முறையில வேற யாராச்சும் உக்காரட்டுமே" என்று ஒருத்தி சொன்னாள். "ஒரு தேங்காயை மடியா நெனச்சு வச்சுக் குத்தலாம், எங்க பக்கம் உண்டு" என்று இன்னொருத்தி சொன்னாள்.

"எம்மகளுக்கு மாமன் உசுரோட இருக்கான்" என்றாள் மாரீஸ்வரி. "தேங்காய்க்கு என்ன அவசியம்?" பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பத்தரைப் பார்த்தாள். "ஐயா, பெட்டிய எடுத்துட்டு எங்கூட வருவீகளா?"

நல்லமுத்து பத்தர் அரைநூற்றாண்டாகக் காது குத்துகிறவர். இப்படி ஓர் அழைப்பு வந்ததில்லை. "எனக்கு வெளிச்சம் இருந்தாச் சரி தாயி" என்று எழுந்தார்.

லயத்திலிருந்து ஸ்டாண்டு வரை ஏலச்செடிகளுக்கு நடுவே இறக்கம். முன்னால் மாரீஸ்வரி, பின்னால் பெட்டியோடு பத்தர், அவருக்குப் பின்னால் சந்தனமேரி, ரஸ்க் பாக்கெட்டைக் கீழே வைக்க மறந்த பாண்டித்துரை. வேலைக்குப் போகாதவர்கள் எல்லாரும் வேடிக்கைக்கு வந்தார்கள். ஸ்டாண்டில் ஆறேழு ஜீப் நின்றது. அருண்பாண்டி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளவென்றிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். தங்கையைக் கண்டதும் இன்னும் அழுத்தித் துடைத்தான்.

"அண்ணே, மடி வேணும்."

மற்ற டிரைவர்கள் தேநீர்க் கிளாஸோடு திரும்பிப் பார்த்தார்கள். அருண்பாண்டி மெல்லச் சொன்னான்: "இன்னைக்கு வேணாம் மாரி. வனிதா அழுவா."

"அழட்டும். நான் ஒரு மாசமா அழுகல?"

"கீழ்ப்பல்லு வந்துரட்டும். நானே வாரேன். சத்தியமா வாரேன்."

கீழ்ப்பல் முளைத்த செய்தி நுனிநாக்கு வரை வந்துவிட்டது. மாரீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். "வந்தா வருவ. வரலைன்னா? பல்லு இருந்தாத்தான் மருமக, இல்லைன்னா தெருவுல போற பிள்ளையா?"

அவன் கண்ணாடி துடைத்த துணியைக் கையில் சுருட்டினான். "பயமா இருக்கு மாரி" என்றான். அத்தனை ஆண்கள் நடுவே அதைச் சொல்ல அவனுக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அவள் விடவில்லை.

"பயமா இருந்தா இருக்கட்டும். பயத்தோடயே உக்காரு. நான் அந்த மழையில இந்தச் சீட்டுல பயப்படாமயா கெடந்தேன்? அன்னைக்கு நான் மட்டுமா வந்தேன்? இவளும் வந்தா. சிஸ்டர் சொன்னாங்கல்ல, வயித்துலயே இருபது பல்லும் இருந்துச்சுன்னு. அந்த மேல்பல்லு ரெண்டும் அன்னைக்கு ஒன் முதுகுக்குப் பின்னாடிதான் உக்காந்து வந்துச்சு. அத்தனை வளைவுலயும் வந்துச்சு. ஒனக்கு என்ன ஆச்சு? பிரேக் ஷூவை மாத்தாம விட்டது நீ. பழி இவளுக்கா?"

ஸ்டாண்டில் யாரோ சிரித்தார்கள். யாரோ, "ஞாயந்தானப்பா" என்றார்கள். அருண்பாண்டி எதையும் கேட்கவில்லை. அவன் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரெக்சின் கிழிந்த இடத்தில் அன்று மாரீஸ்வரி வலியில் பிய்த்தெடுத்த பஞ்சு இன்னும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அவன் அதை இன்றுவரை தைக்கவில்லை.

கதவைத் திறந்தான். கையை நீட்டினான். "வா மருமகளே" என்றான்.

இந்து மாமன் மடியில் உட்கார்ந்ததும் முதல் காரியமாக அவன் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குள் போட்டு நன்றாக ஒரு கடி கடித்தாள். ஒரு மாதம் வராததற்கு அவளுடைய கணக்கு அது. அருண்பாண்டி "ஸ்" என்றான், ஆனால் விரலை எடுக்கவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. கடித்த வலியால் இல்லை என்பது மாரீஸ்வரிக்குத் தெரியும்.

அதற்குள் செய்தி எட்டி வனிதா மூச்சிரைக்க ஓடி வந்தாள். குருவம்மாளும் பின்னாலேயே. அவர்கள் கிட்ட வருவதற்குள் பத்தர் வலது காதில் கம்பியை ஏற்றிவிட்டார். பிள்ளை வாயை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை திறந்து கத்தியது. குனிந்திருந்த பத்தர் முகத்துக்கு நேரே அந்த வாய்.

"அட, கீழயும் ஒண்ணு மொளைச்சிருக்கே" என்றார் பத்தர்.

வனிதா எட்டிப் பார்த்தாள். குருவம்மாள் பார்த்தாள். வெள்ளையாக ஒரு முனை, சந்தேகமே இல்லை. குருவம்மாள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து இருக்கிற சாமியையெல்லாம் கூப்பிட்டாள். வனிதா அழுகையும் சிரிப்புமாக மாரீஸ்வரியின் கையைப் பிடித்தாள். "காலையிலயே பாத்திருப்பியே மாரி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்களே ஓடி வந்திருப்போமே."

"வந்திருப்பீக" என்றாள் மாரீஸ்வரி. "அதுக்குத்தான் மதினி சொல்லல."

அருண்பாண்டி தலையைத் தூக்கித் தங்கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

பிறகு அவள் முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "எடது காது பாக்கி இருக்கு. திருப்பி உக்கார வைண்ணே."

அவன் திருப்பி உட்கார வைத்தான்.